முனிக்கல்லில் மட்டும் சிக்னல்

கோபிகா அப்பாவுக்கு,

இதைப் போன்ல சொன்னா பாதியிலேயே கத்துவீங்க. கடுதாசின்னா கடைசிவரைக்கும் படிச்சுத்தானே ஆகணும்? அதான் கண்டியில இருந்து கொழும்புக்கு வர்ற மரக்கறி லொறியில குடுத்து விடுறேன்.

காலையில உங்க கோலைக் கட் பண்றது நான் இல்ல, உங்க மக. கொரோனாவால ஸ்கூல் பூட்டினதுல இருந்து டீச்சர் பிலிமத்தலாவையில அவங்க வீட்டுல இருந்து போன்லதான் படிச்சுக் குடுக்கிறாங்க. நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுங்கள்ல சிக்னல் கிடைக்காதுன்னு உங்களுக்கே தெரியும். மலை உச்சியில முனியாண்டி கல்லுக்கிட்ட மட்டும்தான் கிடைக்குது. லயத்துப் பிள்ளைங்க எல்லாம் அங்க நம்ம போனைச் சுத்தி உக்காந்துதான் படிக்குதுங்க. நடுவுல நீங்க நம்ம போனுக்குக் கோல் எடுத்தா டீச்சர் சத்தம் நின்னு போகுது.

ஆமா, பொம்பளைங்க போகக் கூடாத இடம்தான். உங்க அண்ணன் சொல்லியிருப்பாரு. கோயில் தலைவர் நம்ம வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு. "பொம்பளப் பிள்ளைங்க படிக்கிறது முனிக்குப் பிடிக்கலன்னா, அவரே வந்து என்கிட்ட சொல்லட்டும்"னேன். இப்ப தலைவர் மகளும் அங்கதான் செருப்பைக் கழட்டி வச்சுட்டுக் கணக்குப் போடுறா.

இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க.

ஞாயித்துக்கிழமை பாடம் இல்ல, பிள்ளைங்களும் வராதுங்க. அன்னைக்குக் காலையில போனை எடுத்துக்கிட்டு நான் முனிக்கல்லுக்கு ஏறுவேன். அப்ப எனக்குக் கோல் எடுங்க. கத்தணும்னா நல்லாக் கத்துங்க. உங்க சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி