காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

மார்கழி 9, புதன்

லாரி டிரைவர் முனிரத்தினம் அண்ணன் இஞ்சினில் ஏதோ சத்தம் என்று வண்டியை மறுபடி மறுபடி என் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுவருகிறார். ஷெட் இருக்கும் புத்தூர் வந்து சேர்வதற்குள் இஞ்சின் சூடாகிவிடும். சத்தமும் போய்விடும். எரிச்சலில் இன்று விடியும் முன்பே நான் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பனியில் நனைந்து நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தார். டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். புகைக்குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் அடைப்புத் தகடான கேஸ்கெட் போய், அந்த இடைவெளி வழியே புகை கசிந்து சத்தம் போடுகிறது. சூடேறினால் இரும்பு விரிந்து அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். ஆனால் சுற்றிலும் கரி தடியாகப் படிந்து இறுகிக் கிடந்தது.

"இது பழசுண்ணா. ரெண்டு மூணு வருசமாவே கேட்டிருக்கணும்."

"இல்லப்பா. போன மாசத்துலருந்துதான் கேக்குது."

போன மாதம்தான் அண்ணி இறந்துபோனார். அவரே சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினார். பக்கத்து ஜன்னலைக் காட்டினார்.

"தெனம் வண்டி எடுக்கசொல்ல இந்த ஜன்னலாண்ட நின்னுக்கினு பேசிக்கினே இருப்பா. சோத்து டப்பா எடுத்துக்கினியா, போனு எடுத்துக்கினியான்னு. வண்டி நகர்ற வரைக்கும் நிறுத்தமாட்டா."

கேஸ்கெட்டை நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை.

மாற்றிவிட்டால், நாளை மறுநாள் காலையில் அவருக்கு அந்தச் சத்தமும் இருக்காது.