போர்டில் எழுதுவதற்கு முன்

ஜூலை 28, திங்கள்

காலை ஐந்தேமுக்காலுக்குச் சகாதேவன் போன். எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வால்வு திறந்துவிடுகிறவன் அவன். "அக்கா, இன்னும் பத்து நிமிசத்துல உங்க தெருவுக்கு வந்துடும்." எழுந்து மோட்டார் சுவிட்சைப் போட்டேன். பல் தேய்த்தேன். டீ குடித்தேன். அதற்குப் பிறகுதான் ஜெராக்ஸ் கடையைத் திறந்து வாசல் போர்டில் எழுதினேன்: "தண்ணீர் வருகிறது." பதினொரு வருடமாக இதுதான் வரிசை. முதலில் சுவிட்ச், அப்புறம் சாக்பீஸ். நம் தொட்டி நிறையாமல் ஊருக்குச் சேவை செய்ய நான் என்ன சாமியாரா?

குழாயில் நேராக மோட்டார் வைப்பது தப்புதான். தெருவில் பன்னிரண்டு வீட்டில் இருக்கிறது.

கீழே மற்ற செய்திகளையும் எழுதினேன். வியாழன் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் முகாம். சனி நாய்க்குத் தடுப்பூசி. கடைசி வீட்டு நந்தினி நடைப்பயிற்சிக்கு வந்தவள் நின்று படித்தாள். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. மகப்பேறு உதவிக்கு விண்ணப்பம் நிரப்பித் தரச் சொன்னாள். நிரப்பினேன். "எங்க தெருவுக்கு நீங்கதான்க்கா டிவி" என்றாள். வாய் ஜாஸ்தி அந்தப் பெண்ணுக்கு. பிடிக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தெருமுனையில் சாக்கடைக் கால்வாய்க்காகப் பொக்லைன் வைத்துத் தோண்டுகிறார்கள். கடைக்குள் ஒரே புழுதி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பௌர்ணமிக் கூட்டம் இன்று மத்தியானம்தான் வடிந்தது. கிரிவலப் பாதைக்கே தண்ணீர் எல்லாம் போய்விட்டதால் நான்கு நாளாக எங்கள் தெருவுக்குச் சொட்டு இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்குச் சகாதேவன் கூப்பிட்டான். அவன் பேசி முடிப்பதற்குள் சுவிட்ச் போட்டுவிட்டேன். தொட்டி காய்ந்து கிடக்கிறதே. மோட்டார் கொஞ்ச நேரம் வெறுமனே உறுமியது. பிறகு கறுப்பாகக் கொட்டியது. நாற்றம். ஐந்தாறு நிமிடத்தில் தெளிந்துவிட்டது. நமக்கு ஆர்.ஓ. மிஷின் இருக்கிறது, கவலையில்லை. பிறகு போர்டில் எழுதினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சும்மா விடுவேனா? வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் போய்க் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். "குடிநீரில் சாக்கடை கலக்கிறது." வரிசையில் மூன்று மணி நேரம். ரசீதைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாற்பத்துமூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். "நீ கவுன்சிலருக்கு நின்னுடு" என்றார் என் வீட்டுக்காரர் சக்கரபாணி. கேலிதான். ஆனாலும் இனித்தது.

ஆகஸ்ட் 20, புதன்

நந்தினி வந்தாள். அவர்கள் வீடு குழாயின் கடைசி. மோட்டார் கிடையாது. முதல் இரண்டு குடம் நாறுகிறதாம், கொட்டிவிட்டு மூன்றாவதைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறார்களாம். "காய்ச்சிக் குடி" என்றேன். "கேஸ் சீக்கிரம் தீர்ந்துடுதுன்னு அத்தை சத்தம் போடறாங்க" என்று சிரித்தாள். நான் மனு ரசீதைக் காட்டினேன்.

ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்துப் போ என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மனுவுக்குப் பதில் இல்லை. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். நாற்றம் வருகிறது, போகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

நந்தினிக்கு நான்கு நாளாக வாந்தி. கர்ப்பத்தில் அப்படித்தான் என்று இருந்திருக்கிறார்கள். இன்று போய்ப் பார்த்தேன். கண் மஞ்சள். மாமியார் ஜோதியம்மாள் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். "இதுக்கு மூணு வேளை போதும்" என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். நாளைக்கு என்றார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றுதான் கொண்டுபோனார்கள். பெரியாஸ்பத்திரியில் பார்த்த உடனே ஆம்புலன்ஸ் வைத்து வேலூருக்கு அனுப்பிவிட்டார்களாம். ஆளைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லையாம். அவள் புருஷன் இளஞ்செழியன் போனில் இவ்வளவைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

செப்டம்பர் 12

போர்டில் எதுவும் எழுதவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நந்தினி போய்விட்டாள்.

பெண் குழந்தை. குறைமாதம். பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். தண்ணீரால் வருகிற காமாலையாம், மற்றவர்களுக்குப் படுத்து எழுந்தால் சரியாகிவிடுமாம், வயிற்றில் பிள்ளை இருப்பவர்களைத்தான் கொன்றுபோடுமாம். யார்கிட்ட போய்ச் சொல்றது? நான் மனு குடுத்தனே. போன மாசம் பதினோராம் தேதியே குடுத்தனே. எவனாவது வந்து எட்டிப் பாத்தானா?

செப்டம்பர் 17, புதன்

இன்று வந்தார்கள். ஒரு பொறியாளர், கூட நான்கு பேர். தெருமுனையில் கால்வாய்க்குக் கீழே குழாயில் விரிசல் கண்டுபிடித்து ஒட்டினார்கள். நான் மனு நகலைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் போனேன். ஒரு மாதமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தெருவே எனக்குப் பின்னால் நின்றது.

அவர் கோபப்படவில்லை. "தாமதந்தாம்மா. நாங்க பதில் சொல்லித்தான் ஆவணும்" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா விரிசல் மட்டும் இருந்தா தண்ணி வெளியதான் போவும், சாக்கடை உள்ள வராது. யாரோ தண்ணி வர்றதுக்கு முன்னாடியே மோட்டார் போடறாங்க. காலிக் குழாய்ல இழுத்தா பக்கத்துல இருக்கறது எல்லாம் உள்ள வரும். அப்புறம் தண்ணி வந்து அதைக் கடைசி வூட்டுக்குத் தள்ளிடும்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

தண்ணி வர்றதுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? யாருக்குத் தெரியும்? எனக்குத்தானே தெரியும்.

செப்டம்பர் 18, வியாழன்

சகாதேவன் போன். "அக்கா, நாளைக்கு மோட்டார் சோதனை. வூடு வூடா வருவாங்க. சொல்லி வெச்சுடுங்க."

போர்டில் எழுதினேன். கைப்பழக்கம். "வெள்ளி காலை மோட்டார் சோதனை."

செப்டம்பர் 19, வெள்ளி

பன்னிரண்டு வீட்டிலும் மோட்டார் இல்லை. எங்களுடையது கடையில் பேப்பர் பண்டலுக்குப் பின்னால் சாக்கில் கிடந்தது. அதிகாரிகள் என் கடையிலேயே அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்தார்கள். "மோட்டார் ஏதும் கண்டறியப்படவில்லை." மூன்று நகல். என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

காலையில் ஜோதியம்மாள் தூக்குவாளியோடு வாசலில் நிற்கிறாள். "குழந்தைக்கு மாவுப்பால் கலக்கணும். குழாய்த் தண்ணி வேணாம். உன் வூட்டுத் தண்ணிதான் செல்வி நான் நம்பறேன்." நிரப்பிக் கொடுத்தேன். போகிறவள் திரும்பி நின்று சொன்னாள்: "நாந்தான் கொன்னுட்டேன். காய்ச்சறேன்னா. கேஸ் ஜாஸ்தி ஆவுதுன்னு நாந்தான் வாய விட்டேன்."

அப்படிச் சொல்லாதீங்க பெரிம்மா என்றேன். கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

செப்டம்பர் 27

தினமும் வருகிறாள். தினமும் அதே வார்த்தை.

செப்டம்பர் 29, திங்கள்

காரியம் முடிந்தது. அங்கே கூட்டத்தில் நந்தினியின் அம்மா ஜோதியம்மாளைப் பார்த்து, "என் பொண்ணுக்கு ஒரு சொம்பு சுடுதண்ணிக்குக் கணக்கு பாத்தியே" என்று கத்தினாள். ஜோதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

அக்டோபர் 2

சக்கரபாணியிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "பன்னெண்டு வூட்லயும் இருந்துச்சு. உன்னுதுதான்னு யாரு சொன்னா?" என்றார்.

"மத்தவங்க எல்லாம் என் போர்டப் பாத்துட்டுதானே போட்டாங்க? அதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்?"

"இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? போனவ வருவாளா?"

வரமாட்டாள். ஆனால் அந்த அம்மா தினமும் என் வாசலில் நின்று, என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, என் வீட்டுத் தண்ணீரை வாங்கிக்கொண்டு போகிறாளே. இதை எத்தனை நாளைக்குப் பார்ப்பது?

அக்டோபர் 4

இன்று சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். தூக்கை நிரப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்றுதான் ஊரே சொல்லும்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று போர்டில் எழுதுவதற்கு முன் கடைசி வீட்டுக்கு நடந்து போனேன். ஜோதியம்மாள் மடியில் குழந்தையைப் போட்டுப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இளஞ்செழியன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். சகாதேவன் போன் செய்வது, முதலில் சுவிட்ச் போடுவது, பௌர்ணமி முடிந்த அன்று மோட்டார் வெறுமனே உறுமியது, கறுப்பாகக் கொட்டியது, சோதனைக்கு முன்னால் ஒளித்துவைத்தது. எல்லாம். "உங்க மேல தப்பில்ல பெரிம்மா. நான்தான்."

அவள் திட்டவில்லை. குழந்தையின் வாயிலிருந்து பாட்டிலை மெதுவாக எடுத்தாள். வாசலுக்கு வந்து மூடியைத் திருகி, பாலைக் கீழே கொட்டினாள். குழந்தை வீறிட்டது. இளஞ்செழியன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நீங்க போங்கக்கா" என்றான். அவ்வளவுதான்.

திரும்பி வந்து போர்டில் இருந்ததையெல்லாம் அழித்தேன். எழுதினேன்:

"தண்ணீர் வரும் முன்பே மோட்டார் போட்டுச் சாக்கடையை இழுத்தது 14ஆம் எண் வீடு.
அது இந்தப் போர்டை எழுதுகிறவள் வீடு.
மனு கொடுத்து ரசீது காட்டியதும் அவள்தான். — தமிழ்ச்செல்வி."

பொறியாளருக்கும் போன் செய்து சொன்னேன். திங்கட்கிழமை எழுத்தில் கொடுக்கச் சொன்னார்.

அக்டோபர் 6, திங்கள்

கொடுத்தேன். இந்த முறையும் ரசீது தந்தார்கள். படம் எடுக்கவில்லை.

அக்டோபர் 7

கடைக்கு ஒருவரும் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லை. யார் நீக்கினார்கள் என்று பார்க்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சகாதேவன் போன் இப்போது எனக்கு வருவதில்லை. தெருவில் குடம் வைக்கும் சத்தம் கேட்டுத்தான் தண்ணீர் வந்தது தெரிந்தது. மோட்டார் இல்லாமல் வாசல் குழாயில் நூல்போல வருகிறது. மூன்று குடம் பிடிப்பதற்குள் நின்றுவிட்டது.

ஜோதியம்மாள் தண்ணீருக்கு வருவதில்லை. கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்.

கடையைத் திறக்கப் போனால் போர்டு முன்னால் நான்கைந்து பேர். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து நின்றார்கள். "அடுத்த தண்ணீர் ஞாயிறு காலை 6 மணி. காய்ச்சிக் குடிக்கவும்" என்று எழுதியிருந்தது. இளஞ்செழியன் கையெழுத்து. என்னுடைய மூன்று வரியை அவன் அழிக்கவில்லை. அதற்குக் கீழே இடம் பார்த்து எழுதியிருக்கிறான்.