பக் எண் 4117

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரே சுவரில் 214 தடவை மோதினேன். எங்கள் கேமின் நாயகி படகுக்காரி சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் விழுகிறாளா என்று பார்க்க வேண்டும். 209-வது தடவை விழுந்தாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வெளியாட்களிடம் சொன்னால் 'இதுக்கா சம்பளம்' என்பார்கள். இதற்குத்தான். வீடியோ கேம் கடைக்குப் போகும் முன் அதை உடைத்து உடைத்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்தக் கோளாறுகளுக்குத்தான் 'பக்' என்று பெயர்.

ஆனால் இன்றைய செய்தி அதுவல்ல. அவர் வந்துவிட்டார். 'படகுக்காரி' மூன்றாம் பாகத்தின் இயக்குநர். ஒன்றரை வருடமாக வெளியே நடிகர்களை வைத்துக் காட்சிகளை எடுத்தவர், இனி எங்களோடு உட்கார்ந்தே முடிப்பாராம். பதினேழு வயதில் நான் ஒரே படத்தைத் தியேட்டரில் பதினோரு தடவை பார்த்தேனே, அதை எடுத்தவர். எங்கள் மாடியில், எங்கள் மட்டமான காபியைக் குடித்துக்கொண்டு நிற்கிறார். கேம் ஆடும் கன்ட்ரோலரைக் கொடுத்தார்கள். சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போல விரல்நுனியால் பிடித்தார். எனக்கு அதுகூட அழகாகத்தான் இருந்தது. பைத்தியம் முற்றிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

லிஃப்டில் அவர் எனக்கு வணக்கம் சொன்னார். நான் 'நாலாவது மாடி' என்று பதில் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

யார் இயக்குநர் என்பதை கம்பெனி இன்று ஊரறியச் சொல்லிவிட்டது. வீட்டுக்குள் கால் வைக்கிறேன், தம்பி நடுக்கூடத்தில் நிற்கிறான். இருபத்தொன்பது வயது, மருந்துக் கடையில் பொறுப்பான வேலை, மற்ற எல்லாவற்றிலும் நிதானமான பிள்ளை. 'படகுக்காரி' என்று வந்துவிட்டால் மட்டும் சாமி வந்தவன் மாதிரி ஆடுவான். அவன் நடத்தும் ரசிகர் பக்கத்தில் நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இன்று அவன்தான் கோபப்படுகிறான்.

"கொண்டு போய் சினிமாக்காரன் கையில குடுத்துட்டாங்கக்கா. அந்தாளு படத்துல ஒருத்தன் கதவத் தொறக்கவே பத்து நிமிஷம் ஆகும்."

"நீ ஒரு படமாவது முழுசா பாத்திருக்கியாடா?"

"நீ கூட்டிட்டுப் போனியே, அதுல தூங்கிட்டேன். நல்ல தூக்கம். அதுக்கு வேணும்னா நன்றி சொல்றேன்."

வேலையைப் பற்றி வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கும் அது தெரியும். அதனால் கேள்வி கேட்க மாட்டான், என் முகத்தையே உற்று உற்றுப் பார்ப்பான். அம்மா வந்து, "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு அடிச்சுக்கங்க, மறுபடி சூடு பண்ண என்னால ஆகாது" என்றாள். சாப்பிட்டோம். பிறகு அடித்துக்கொண்டோம்.

மார்ச் 17, செவ்வாய்

படகுத்துறைக் காட்சி இன்று எங்கள் கைக்கு வந்தது. படகுக்காரி தன் அக்காவை விட்டுப் பிரிந்து போகும் இடம். மூன்றாம் பாகத்துக்கே உயிர் அதுதான் என்று அவர் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

துறையில் அக்கா நிற்கிறாள். நாலு நிமிடம் பத்து நொடி அவள் முகம் மட்டும்தான். முதலில் சிரிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை, உடைந்து அழுகிறாள். நானும் அழுதேன். பக்கத்து மேசைக்காரி டிஷ்யூப் பெட்டியையே தூக்கிக் கொடுத்தாள்.

இரண்டாவது தடவை ஓட்டியபோதுதான் கவனித்தேன். என் இடது ஆள்காட்டி விரல் தானாகவே பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. முதல் இரண்டு பாகங்களிலும் அது 'திரும்பிப் பார்' பட்டன். எப்போது அழுத்தினாலும் படகுக்காரி நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பாள். சண்டைக்கு உதவாது, புதையலும் காட்டாது. சும்மா பார்ப்பாள், அவ்வளவுதான். ரசிகர்கள் உயிரை விடுவதே அதற்குத்தான். இந்தக் காட்சியில் அது வேலை செய்யவில்லை. எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. பக் என்று எழுதினேன். 'பக் இல்லை, அப்படித்தான் வேண்டும் என்கிறார்' என்று திரும்பி வந்தது.

கையைக் கட்டிப்போட்டு, 'அழு' என்கிறார். எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? தியேட்டரில் பதினோரு தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள்தானே நான்?

மார்ச் 26, வியாழன்

வெளியிலிருந்து பதினோரு பேரை வரவழைத்து ஆடவிட்டோம். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் குறிப்பெடுத்தேன். படகுத்துறை வந்தது. பதினோரு பேரும் அந்தப் பட்டனைத் தட்டினார்கள். ஒரு அம்மாள் கன்ட்ரோலர் கெட்டுவிட்டதென்று கையைத் தூக்கினார். ஏழு பேர் அதை மடியில் வைத்துவிட்டு போனை எடுத்தார்கள். அக்கா அங்கே உடைந்து அழுகிறாள், இங்கே ஒருவர் பல்வலிக்கு மருத்துவரைத் தேடுகிறார்.

எனக்குத் தாங்கவில்லை. கேமுக்காக மட்டுமில்லை. அவருக்காகவும்தான்.

மார்ச் 27, வெள்ளி

மீட்டிங். ஏழு பேர் கணக்கை எங்கள் குழுத் தலைவர் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை, அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. இயக்குநர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "பார்க்கிறவங்களைப் பழக்கணும். நான் காட்டுறதைப் பார்த்தா போதும்" என்றார். அவ்வளவுதான். 'சார், இவங்க பார்க்கிறவங்க இல்ல, ஆடுறவங்க' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னேனா? இல்லை. மேசையில் இருந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்றேன்.

இடத்துக்கு வந்து, ஆத்திரம் தீர, பயிற்சிப் பட்டியலைத் திறந்தேன். புதிதாக வருபவர்கள் பக் எழுதிப் பழகும் இடம் அது, யாரும் பார்ப்பதில்லை. எழுதினேன்:

தலைப்பு: இயக்குநர் கேமராவைக் கையை விட்டு இறக்க மறுக்கிறார்.
மறுபடி நிகழ்த்திப் பார்க்க: 1. அவரிடம் கன்ட்ரோலரைக் கொடுக்கவும். 2. ஒரே நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். 3. 'ஆடுபவர் எங்கே பார்ப்பது?' என்று கேட்கவும். 4. 'நான் காட்டும் இடத்தில்' என்பார்.
நடக்க வேண்டியது: ஆடுபவர் திரும்பிப் பார்க்கிறார்.
நடப்பது: ஆடுபவர் போனைப் பார்க்கிறார்.
எத்தனை தடவை: எப்போதும்.
தீவிரம்: மிக அதிகம்.
பொறுப்பு: இயக்குநர்.

மனசு பஞ்சாக லேசானது. ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன்.

மார்ச் 28, சனி

அய்யோ.

காலையில் சல்லடை கூப்பிட்டார். "பயிற்சிப் பட்டியல்னு நெனச்சு எழுதினியா?" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் பயிற்சிப் பட்டியலைத் திறந்ததென்னவோ உண்மை. ஆனால் புது பக் எழுதும் படிவம், கடைசியாக எங்கே எழுதினோமோ அந்தப் பட்டியலையே பிடித்துக்கொள்ளும். நேற்று காலையில் சுவர் பக் ஒன்றை நிஜப் பட்டியலில் எழுதியிருந்தேன். ஆக இதுவும் அங்கேயே போய்விட்டது. பக் எண் 4117. தீவிரம் மிக அதிகம் என்றால் எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் தானாக மெயில் போகும். பொறுப்பு என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு முதலில் போகும்.

"அழிச்சிடுங்களேன், ப்ளீஸ்" என்றேன். "எழுதின பக்கை யாராலும் அழிக்க முடியாதும்மா. போன வருஷம் அந்த விதி வேணும்னு கேட்டது யாரு?" என்றார்.

நான்தான். புரோகிராமர்கள் நைசாக பக்கை அழிக்கிறார்கள் என்று மூன்று பக்கத்துக்கு மனு எழுதி, கையெழுத்து வாங்கி, போராடி வாங்கிய விதி. சொந்தச் செலவில் சூனியம் என்று சொல்வார்கள், கேட்டிருக்கிறேன். இப்போது பார்த்தும்விட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

சாப்பிடப் பிடிக்கவில்லை. வேலை போய்விடும். போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், வாய்தான் சொல்கிறது. ஆறு வருடம். இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? அதைவிட, அவர் அதைப் படித்திருப்பார். 'போனைப் பார்க்கிறார்' என்று எழுதியிருக்கிறேன். பதினோரு தடவை பார்த்தவள் எழுதினாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தம்பி கதவைத் தட்டிவிட்டு வந்தான். "என்னக்கா?" என்றான்.

"வேல போயிடும்போல இருக்குடா."

"என்ன பண்ண?"

"உள்ளதச் சொன்னேன்."

முதல் பாகத்தைப் போட்டு கன்ட்ரோலரை என் மடியில் வைத்தான். ஆடினேன். ஆற்றங்கரையில் படகில் ஏறும் இடம் வந்ததும், "திரும்பு, திரும்பு" என்றான். திரும்பினேன். எலும்பும் தோலுமாக ஒரு நாய், தண்ணீர் விளிம்பு வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால்தான் அது இருப்பதே தெரியும்.

"அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்கல்ல மூணு மாசம், அப்ப தெனமும் இந்த எடம் வரைக்கும் ஆடுவேன்" என்றான். "எல்லாரும் எனக்கு ஏதாவது சொல்லிட்டே இருந்தாங்க. இங்க உக்காரு, அதச் சாப்பிடு, அழாத. இந்தப் பட்டன் ஒண்ணுதான் நான் சொன்னதக் கேட்டுச்சு."

அவனுக்கு அப்போது பன்னிரண்டு. எனக்குப் பதினேழு. ஆமாம், அதே வருடம்தான். அவனைத் தனியாக விட்டுவிட்டு நான் தியேட்டருக்கு ஓடிய வருடம். எனக்கு யாராவது முகவாயைப் பிடித்து 'இங்கே பார், இதை மட்டும் பார்' என்று சொன்னால் போதும் போல இருந்தது. அவனுக்கு நேர் எதிர். இத்தனை வருடமாக அடித்துக்கொண்டோமே, இதைப் பேசியதே இல்லை. "விட்டுட்டுப் போனதுக்கு சாரிடா" என்றேன். "லூசு, நாய் தூரமா போகுது பாரு, ஒழுங்கா ஆடு" என்றான்.

மார்ச் 30, திங்கள்

அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. 4117 அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்ததும் காபி மெஷின் பக்கம் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

மார்ச் 31, செவ்வாய்

ஒன்பது மணிக்கு 4117-இன் நிலை மாறியது. 'கூடுதல் விவரம் தேவை.' கீழே இயக்குநரே எழுதிய குறிப்பு: 'முதல் படியைச் செய்து பார்த்தேன். இரண்டாவது படி உண்மை. அதற்கு மேல் போக ஆள் துணை வேண்டும்.'

நான் அதை நாலாவது தடவை படிக்கும்போது அவரே என் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "நீங்கதானே அந்த நாலாவது மாடி?" என்றார். தலையாட்டினேன். "எனக்கு இதுல ஆடவே தெரியாதும்மா. ஒன்றரை வருஷமா சமாளிக்கிறேன். காட்டுங்க."

சின்ன அறையில் முதல் பாகத்தைப் போட்டேன். ஆற்றங்கரைக்குப் போக மூன்று மணி நேரம் ஆனது. பதினாறு தடவை செத்தார். ஒரு வேலியில் மாட்டிக்கொண்டு, "இந்தப் பொண்ணு சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குதே" என்றார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

படகில் ஏறும் முன் அவராகவே நின்றார். பட்டனை அழுத்தினார். நாயைப் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"எப்பவும் வரும் சார்."

"திரும்பாதவங்களுக்கு?"

"தெரியவே தெரியாது."

"அப்புறம் எதுக்கு வச்சாங்க?"

"திரும்புறவங்களுக்கு."

தம்பியின் மூன்று மாதத்தைச் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை, 'ஒரு பையன்' என்றேன். பதினோரு தடவையையும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கன்ட்ரோலரைத் தள்ளிவிடாமல் மடியிலேயே வைத்திருந்தார். போகும்போது, "அக்காவா நடிச்ச அந்த நடிகை ஆறு நாள் அழுதாங்கம்மா. அதை யாரும் பார்க்காம போனா எப்படி?" என்றார். பாவமாக இருந்தது.

வேலை போகவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

ஒரு வாரமாக அந்த நடிகையோடு அறையை மூடிக்கொண்டு ஏதோ எடுக்கிறார். புரோகிராமர்கள் என்னை முறைக்கிறார்கள். சல்லடை மட்டும் பிஸ்கட் கொடுத்தார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

4117 என் பெயருக்குத் திரும்பி வந்தது. 'சரிசெய்யப்பட்டது. சரிபார்த்து மூடவும்.' பக்கை எழுதியவர்தான் மூட வேண்டும், அதுவும் விதி.

போட்டேன். படகுத்துறை. அக்கா நிற்கிறாள், விடைகொடுக்கிறாள், சிரிக்கிறாள். அழவில்லை. கட்டு அவிழ்ந்துவிட்டது, என் இஷ்டத்துக்கு நடக்கலாம். படகை நோக்கி நடந்தேன். நாலு எட்டு வைத்ததும் பின்னால் விசும்பல். பட்டனை அழுத்தினேன். அக்கா அதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மறுபடி நடந்தேன், மறுபடி விசும்பல். திரும்பினேன், சிரிக்கிறாள், கன்னம் மட்டும் ஈரம். எத்தனை தடவை திரும்பினாலும் அவள் நம்மை முந்திக்கொள்கிறாள். அழுகையை அவர் காட்டவே இல்லை. காதில் மட்டும் விழுகிறது.

ஆறு நாள் அழுததை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார் மனுஷன். இதற்குத்தானே இவரை எனக்குப் பிடிக்கும்.

கீழே குறிப்பு: 'பக்கை ஒப்புக்கொள்கிறேன். தீவிரம் மிக அதிகம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. நடுத்தரம்.'

நடுத்தரம் என்று திருத்தினேன். மூடினேன். பிறகு பாத்ரூமில் போய் ஐந்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

வீட்டில் தம்பி, "பாத்துக்கிட்டே இரு, அந்தாளு கெடுத்துக் குட்டிச்சுவராக்கிடுவான்" என்றான். "இருக்கும்" என்றேன். அவன் சந்தேகமாகப் பார்த்தான்.

அக்டோபர் 10, சனி

நேற்று வெளியானது. தம்பி கடைக்கு லீவு போட்டுவிட்டு நேற்றிலிருந்து ஆடுகிறான். ரசிகர் பக்கத்தில் வரிசையாகக் குறை எழுதுகிறான்: வேலி ஏறுவது மெதுவாக இருக்கிறது, வரைபடம் குழப்புகிறது. எல்லாம் நியாயம்தான், நானே எழுதிய பக்குகள், நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

மாலை நாலரைக்குப் படகுத்துறைக்கு வந்தான். நான் பின்னால் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

அவன் நடந்தான். விசும்பல் கேட்டது. சட்டென்று திரும்பினான். சிரிக்கும் அக்கா. மறுபடி நடந்தான், திரும்பினான். ஆறு தடவை. ஏழாவது தடவை திரும்பாமல் நேராகப் படகில் போய் ஏறினான். அழுகைச் சத்தம் கடைசி வரை வந்தது. கன்ட்ரோலரைத் தரையில் வைத்தான்.

"அவரு பரவால்லக்கா" என்றான். அந்தாளு இல்லை, அவர். "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

கேட்டுவிட்டு மெதுவாகத்தான் திரும்பினான். அதற்குள் கையில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.