சுபநேரத்துச் சேர்வர்

4 மார்ச் 2025, செவ்வாய்

ஓடுகிறது. வேலணையில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் நாலு கணினிகளும் இனி ஒரே சேர்வரிலிருந்து கோப்பு எடுக்கும். கட்டினது நான். இதை ஒருக்கால் எழுதிப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

கொழும்புக் கொம்பனிதான் செய்யவேண்டும் என்று செயற்குழுவில் ஒற்றைக்காலில் நின்ற ஐயாத்துரை ஐயா இன்றும் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “பிள்ளை, இது மழை காத்துக்குத் தாங்குமோ?” பெட்டி உள்ளுக்குத்தானே இருக்கப்போகுது என்றேன். எனக்காக அங்கே வாதாடியவர் தலைவி சறோஜினிதேவி அக்கா ஒருவர்தான். “வதனி செய்வாள். நான் பொறுப்பு” என்றாராம்.

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை றஜனி, உள்ளே என்னதான் நடக்குது என்று கேட்டாள். கோயிலைச் சொல்லி விளங்கப்படுத்தினேன். அர்ச்சனை செய்வது உள்ளே நிற்கும் ஐயர். ஆனால் வந்தவர் ஆர், என்ன நட்சத்திரம் என்று வெளியே நிற்பவர்தான் கேட்டுச் சொல்லவேண்டும். ஐயர் கேர்னல், அதாவது கணினியின் அடிப்படை நிரல்; வெளியே நிற்பவர் டீமன், பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் சின்ன நிரல். கோப்பைத் தூக்கிக் கொடுப்பது கேர்னல்தான். ஆனால் ஒரு கணினி புதிதாக வந்து தட்டினால், “இது ஆர், விடலாமோ?” என்று கேர்னல், டீமனுக்குப் போகும் குழாய்போன்ற ஒரு கோப்பில் எழுதிவிட்டுக் காத்து நிற்கும். டீமன் அதை வாசித்து, வந்தவரின் அனுமதிச் சீட்டைச் சரிபார்த்து, ஓம் அல்லது இல்லை என்று திருப்பி எழுதும்.

“அதை ஐயரே பார்த்தால் என்ன?”

வந்த எல்லாரிட்டையும் அவர் விசாரிக்கப்போனால் பூசை நடக்குமோ என்றேன். ஒரு விரிவுரையாளர்கூட இவ்வளவு வடிவாகச் சொல்லமாட்டார். உண்மையைத்தான் எழுதுகிறேன்.

7 மார்ச், வெள்ளி

திறப்பு விழா. பத்தரை வரை சுபநேரம், பிறகு இராகு காலம். பிரதம விருந்தினர் செல்வரத்தினம் ஐயா நெடுந்தீவிலிருந்து வரவேண்டும். காற்றுக்கு வள்ளம் பிந்தி, குறிகட்டுவானில் இறங்கி அவர் இங்கு வந்து சேரப் பதினொரு மணியாகிவிட்டது. அவர் விசையை அழுத்தியதும் முதல் கோப்பு திறந்ததாம். கைதட்டினார்களாம்.

நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். பரவாயில்லை. ஓடினது என்ரை சேர்வர்.

8 மார்ச், சனி

ஒண்டும் திறக்குதில்லை. நாலு கணினியிலும் ‘அனுமதி இல்லை’. பத்துத்தரம் நிற்பாட்டிப் போட்டாச்சு. வயர் மாத்தியாச்சு. நேற்றுப் பின்னேரம் வரை ஓடினது இண்டைக்கு ஏன் —

ஐயாத்துரை ஐயா வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “திங்கக்கிழமை கூட்டத்திலை கொழும்புக்காரரைக் கூப்பிடுற முடிவை எடுப்பம்.” சறோஜினி அக்கா என் முகத்தையே பார்க்கவில்லை.

என்னத்தை விட்டனான்? எங்கை விட்டனான்?

9 மார்ச், ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

கணினிகள் சொல்வதை நம்பி இரண்டு நாளை வீணாக்கியிருக்கிறேன். அவற்றுக்குக் காரணம் தெரியாது. கேர்னலுக்கும் தெரியாது, அது கேட்டது, இல்லை என்று பதில் வந்தது, கதவைச் சாத்தியது. தெரிந்தது டீமனுக்கு மட்டும். அது சாதாரணமாக வாய் திறக்காது. செய்வதையெல்லாம் பதிவில் எழுது என்று கட்டளை கொடுத்து மறுபடி ஓடவிட்டேன். கேர்னலின் கேள்வி வந்தது. கீழே டீமனின் பதில்: சீட்டில் உள்ள நேரமும் என் நேரமும் பொருந்தவில்லை.

ஐந்து நிமிடம் பிசகினால் பொறுத்துக்கொள்ளும். சேர்வரின் மணிக்கூடு முக்கால் மணித்தியாலம் பின்னுக்கு நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஓடியது, அன்று விழாவுக்கு முன்பே கொடுத்திருந்த அனுமதியில். அது இரவு காலாவதியாக, காலையில் நாலும் புதிதாக வந்து தட்டியிருக்கின்றன. கள்ளச் சீட்டென்று நினைத்து டீமன் நாலையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. தன் கடமையைத்தான் செய்தது. நான் கட்டியதில் ஒரு பிழையும் இல்லை. ஒன்றுமே இல்லை.

மணிக்கூட்டைச் சரியாக்கினேன். எல்லாம் திறந்தது. தனியே நின்று சிரித்தேன்.

பிறகு, மாற்றியது ஆர் என்று பார்த்தேன். வெள்ளி பதினொரு மணிக்கு, தலைவியின் கணக்கிலிருந்து. நேரத்தைத் தானாகத் திருத்தும் வசதியும் நிறுத்தியிருக்கிறது. சறோஜினி அக்கா. இராகு காலம். பதினொன்றைப் பத்தேகாலாக்கி, திரையில் சுபநேரம் தெரியவேண்டுமென்று.

நாளைக்கு என்ன சொல்லுறது? சொன்னால் அக்காவை ஐயாத்துரை ஐயா கிழிப்பார். சொல்லாவிட்டால் என் வேலை பிழை என்றாகும், சேர்வர் வேலை கொழும்புக்காரரிடம் போகும்.

10 மார்ச், திங்கள்

“ஏன் பிள்ளை நிண்டது?” என்று ஐயாத்துரை ஐயா கேட்டார். “மணிக்கூடு பிந்திப்போச்சுது ஐயா” என்று இழுத்தேன். “இரண்டு நாளிலை மணிக்கூடு பிந்திற பெட்டியோ நீர் கட்டினது?”

சறோஜினி அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

“பெட்டி பிந்தேல்லை. நான்தான் பின்னுக்குத் தள்ளினனான். இந்தப் பிள்ளையின்ரை முதல் வேலை இராகு காலத்திலை துவங்கக்கூடாதெண்டு நினைச்சன். அதுக்கு இவ்வளவு நடக்குமெண்டு தெரியாது. அவள் ஒரு பிழையும் விடேல்லை.”

எனக்குக் கண் நிரம்பிவிட்டது. அக்காமேல் வந்த கோபம் எங்கே போனதோ தெரியாது. கேள்வி எப்படிப் போகும், பதில் எப்படி வரும், எங்கே தடைப்பட்டது என்று எல்லாவற்றையும் நிமிர்ந்து நின்று சொன்னேன். பதிவையும் காட்டினேன். மணிக்கூட்டில் இனி ஒருவரும் கைவைக்க ஏலாது, பூட்டிவிட்டேன் என்றும் சொன்னேன்.

ஐயாத்துரை ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொழும்புக் கதை வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப இது துவங்கினது இராகு காலத்திலையோ?”

அந்த மனிசனுக்கு அதுதான் கவலை. சேர்வரை நிறுத்திவிட்டு, புதன்கிழமை நல்ல நேரத்தில் முறைப்படி திரும்பத் துவக்கவேண்டுமாம். ஏகமனதாக நிறைவேறியது. கொழும்பின் பேச்சையே காணோம்.

12 மார்ச், புதன்

காலையில் எல்லாரும் வந்துவிட்டார்கள். பிரதம விருந்தினர் இல்லை. நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி முடிய நான் வழக்கம்போலக் குசினிப் பக்கம் எழும்பினேன். ஐயாத்துரை ஐயா வழியை மறித்தார்.

“எங்கை போறீர்? தேத்தண்ணியை நான் ஊத்துறன். நீர் போய் விசையை அமத்தும்.”

அமத்தினேன். நாலு கணினியும் வந்து தட்டின. நாலுக்கும் ஓம்.

ஐயா ஊற்றின தேத்தண்ணியில் சீனி அள்ளிக் கொட்டியிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.