பதில் வராவிட்டால் மணியடிக்கவும்

பாப்பாவின் அம்மாவுக்கு,

வீடு நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. நானும் அப்படித்தான். பாப்பாவுக்குத் தையல் ஆறியிருக்கும், பேரன் இரவில் தூங்கத் தொடங்கியிருப்பான், இனி அங்கே உனக்கு வேலை குறைந்திருக்கும் என்று நானாகவே எண்ணிக்கொள்கிறேன். நீ கூப்பிட்டால் நான் போனை எடுப்பதில்லை என்று பாப்பா பக்கத்து வீட்டில் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டாளாம். எடுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் உன் அண்ணன் வந்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்லூரியில் துறைத்தலைவர் நாற்காலி இந்த முறையும் கைநழுவிப் போனது. என்னிடம் வேதியியல் படித்த பையனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கண்டால் பாதி எழுந்து பாதி உட்காருகிறான். அந்தப் பாதி மரியாதையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அலுத்துவிட்டது. குக்கர் கைப்பிடி கழன்று ஆடுகிறது, அதை முடுக்கவும் மனம் வரவில்லை.

குடியிருப்போர் சங்கத்தோடு வெந்நீர் ஊற்றுக்குப் போய் வந்தேன். முழங்காலுக்கு நல்லது என்று நீ கிளம்பும் முன் இரண்டு இருக்கைகள் சொல்லி வைத்துவிட்டுப் போனாயே, அந்தப் பயணம்தான். உன் இருக்கையை யாருக்குக் கொடுத்தாய் என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஜன்னலோரத்தில் தொப்பியும் தோளில் துண்டுமாக உன் அண்ணன். எதிர் பிளாக்கில் குடியிருந்தும், காய்கறிக் கடையில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் தராசைப் பார்த்து நிற்கிற எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாய். வழியெல்லாம் வயலும் குன்றும் நன்றாகத்தான் இருந்தன. அவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

பாப்பா கல்யாணத்தன்று அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. “வாத்தியாருக்குப் பாடம் நடத்தத்தான் தெரியும், குடும்பம் நடத்தத் தெரியாது.” சபை சிரித்தது. நீயும் சிரித்தாய். அவர் சொன்னதைவிட அதுதான் எனக்குத் தைத்தது. இன்றுவரை உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

குன்றடியில் கல்லால் கட்டிய சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி. கந்தக நெடி. அந்த நீர் ஆற்றும் நோய்கள் என்று வாசலில் ஒரு பலகை, அதில் பாதி பொய். உள்ளே ஆவியில் ஆள் முகம் தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் தொட்டியில் இருந்தால் துணைக்கு வந்தவர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விட்டு விட்டுக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் மணியடிக்க வேண்டும். சூடு சத்தமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடுமாம். தனியாக விடமாட்டேன் என்று காவலுக்கு இருந்த அம்மா சொல்லிவிட்டாள். சங்கச் செயலாளர் எங்கள் இருவரையும் ஒரே கதவுக்கு அனுப்பினார். அதுவும் உன் ஏற்பாடோ என்னவோ.

நான் முதலில் இறங்கினேன். கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்ததும், பொய்யில்லை, உடம்பில் இருந்த அலுப்பெல்லாம் கரைவது போல இருந்தது. அப்போது வெளியிலிருந்து, “மாப்பிள்ளே, இருக்கீங்களா?” என்று கேட்டது.

நான் பதில் சொல்லவில்லை. இவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? மறுபடி கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. மணி அடித்தது. ஆட்கள் வருவதற்குள் அவரே கதவைத் தள்ளிக்கொண்டு கால்சட்டை, செருப்போடு தொட்டிக்குள் குதித்து என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். என் கண் திறந்திருந்ததைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“உசுரோட இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?”

நம் பிளாக் முழுவதும் கதவில் நின்று ஈரத்துண்டோடு என்னைப் பார்த்தது. அதை விடு.

வெளியே காற்றில் ஈர உடையோடு நடுங்கிக்கொண்டிருந்தவர், தனக்குக் குளியல் வேண்டாம் என்றார். நான் தொட்டியைக் கைகாட்டினேன். இறங்கினார். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான், இப்போது கூப்பிட வேண்டியது நான் என்பது உறைத்தது. தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன். காவல்கார அம்மா முறைத்தாள்.

“மச்சான்” என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் “இருக்கேன்” என்று வந்தது.

அதன் பிறகு கொஞ்சம் அதிகமாகவே கூப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது. “சார், மனுஷன் நிம்மதியாக் குளிக்கட்டும்” என்று அந்த அம்மா சிரித்தாள்.

திரும்பி வரும்போதும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். தொட்டியில் குதித்ததில் செருப்பு வார் அறுந்துபோய்விட்டது, வெறுங்காலோடு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நகர்த்தவில்லை. தோள் இன்னும் வலிக்கிறது. வெந்நீரில் கிடைத்த சுகம் அதோடு சரி. இதைச் சமாதானம் என்று பாப்பாவிடம் சொல்லி வைக்காதே. அவர் சொன்னது சொன்னதுதான்.

அண்ணனோடு பேசுகிற அன்றைக்குத்தான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை பேசியிருக்கிறேன், பல தடவை. அது கணக்கில் சேருமா என்று நீயே முடிவு செய்துகொள்.

நீ கூப்பிடும்போதெல்லாம் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் படியில் அவர் கையைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

பேரன் நோய்நொடியில்லாமல் வளரட்டும். பாப்பாவை வெயிட் தூக்க விடாதே.

ஒரு தடவை கூப்பிடு. இருக்கிறேன்.

பாப்பாவின் அப்பா