சிரிக்கிற யானையைப் பின்னால் தள்ளு

ஓவேலி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் நௌமானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகமாக இருக்கிறது, ஆஸ்லோ குளிரில் நீயும் சுகமாக இருக்க ரப்பிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் நம் டைப்பிங் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடிதமாகவே டைப் செய்கிறேன், முழுவதும் படி.

ஆபீஸ் சாஃப்ட்வேரில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ள நீயும் உன் நண்பர்களும் சேர்த்து வைத்திருக்கிற படங்களுக்கு, தமிழில் பெயர் வைத்து அடுக்கித் தரச் சொன்னாயே, ஆயிரத்து இருநூறையும் முடித்துவிட்டேன். உனக்குப் பெயர் வைக்கக்கூட நாங்கள் இவ்வளவு யோசிக்கவில்லை. பீரோவில் உன் சட்டையும் சாக்ஸும் கிடந்த மாதிரியேதான் படங்களும் கிடந்தன. வீடு என்று முப்பது படம் கொடுத்திருக்கிறாய், முப்பதிலும் கூரைமேல் பனி, நம் எஸ்டேட்டில் வரிசையாக நிற்கிற லைன் வீடு ஒன்றுகூட இல்லை. ஊடு என்று பெயர் வைத்தால் யாரும் தேட மாட்டார்கள் என்று நீ திருத்தி அனுப்பினாய், கோயம்புத்தூர் வரைக்கும் போய்க் கேட்டுப் பார், எல்லாரும் ஊடு என்றுதான் சொல்வார்கள், நான் இரண்டையும் போட்டிருக்கிறேன். உன் அத்தா உதவி செய்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் கழுத்தில் மாட்டுகிற குழாயைப் பாட்டு போல்டரில் போட்டுவிட்டார், கேட்டால் காதில் மாட்டுவதுதானே என்கிறார். அந்த மூளைதான் உனக்கும் வந்திருக்கிறது.

இனிமேல் கொஞ்சம் சிரிக்காமல் படி. யானை என்று தேடினால் பதினொரு படம் வருகிறது, முதலில் வந்து நிற்பது நீ வரைந்தது, நெற்றிப்பட்டமும் கழுத்தில் மணியும் கட்டி வாய் நிறையச் சிரிக்கிறது. உன் படத்தை நீயே முதலில் வைத்துக்கொண்ட சாமர்த்தியத்தை நான் கவனிக்காமல் இல்லை. கடைசியாக யாரோ வரைந்த கறுப்பு யானை ஒன்று இருக்கிறது, காதை விரித்துக்கொண்டு பார்க்கவே நன்றாக இருக்காது. போன மாதம் எஸ்டேட்டில் யானை வந்தால் எல்லாருக்கும் தகவல் சொல்கிற பிராங்ளின் வந்து, ஓடைப் பாதையில் காலை ஏழு மணிக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது என்று நோட்டீஸ் அடித்துத் தரச் சொல்லிக் கேட்டார். கறுப்பையும் பார்த்தேன், உன்னுடையதையும் பார்த்தேன். என் மகன் வரைந்தது ஊரெல்லாம் ஒட்டியிருக்கட்டும் என்ற பெருமையில் உன்னுடையதைப் பெரிதாகப் போட்டேன். பிராங்ளின்கூட, யானை ரொம்ப அழகா இருக்குதுங்க அக்கா என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

கொழுந்து எடுக்கிற ஆயம்மாளை உனக்குத் தெரியும், நம் கடையில்தான் பென்ஷன் மனு எழுத வருவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் விடிந்ததும் அதே பாதையில் போயிருக்கிறாள். நிஜ யானை நின்றிருக்கிறது. திரும்பி ஓடியதில் தேயிலைச் செடிக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டியிருக்கிற கானில் விழுந்து மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது, யானை அவள் பக்கம் வராமல் போனது அல்லாஹ்வின் கிருபை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, படத்துல மணி கட்டிச் சிரிச்சுட்டு இருந்துச்சுங்க, கோயில் யானைதான் வருதாட்ட இருக்குதுன்னு பாக்கறதுக்குப் போனனுங்க என்றாள். நான் அடித்த எழுத்து அத்தனையும் அவளுக்கு வெறும் கறுப்புக் கோடு, அவளிடம் பேசியது படம் ஒன்றுதான்.

அன்றைக்கே பழைய நோட்டீஸை எல்லாம் கிழித்துக் கறுப்பு யானையைப் போட்டு ஒட்டினோம். ஆனால் பந்தலூரில் டைப்பிங் கடை வைத்திருக்கிற ராஜசேகருக்கும் இந்தத் தொகுப்பைக் கொடுத்திருந்தேன், போன் செய்து கேட்டால் அவரும் ஒரு யானை நோட்டீஸுக்கு உன்னுடையதைத்தான் எடுத்து வைத்திருக்கிறார், ஏனுங்க அதுதானுங்களே மொதல்ல வந்துச்சு என்கிறார். நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை. இன்னும் எத்தனை கடைக்காரர் எடுப்பார்களோ. கோயில் யானை, காட்டு யானை என்று நான் தனித்தனியாகப் பெயர் பிரித்துவிட்டேன், எது முதலில் வர வேண்டும் என்பதை நீதான் மாற்ற முடியும். கறுப்பை முதலில் வை, உன்னுடையதைப் பிறந்தநாள் கார்டுக்குப் பக்கத்தில் தள்ளு. மனம் வராது என்று தெரியும், எனக்கும் வரவில்லை, அதனால் வந்த வினைதான் இது.

நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டுமே தின்று காலம் தள்ளாதே. உன் கையில் செய்கிற வேலையிலும் உன் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. இன்றைக்கே மாற்றிவிட்டு ஒரு வரி அனுப்பு. அந்தப் படத்தை எடுத்துப் போட்டவள் நான்தான் என்று ஆயம்மாளிடம் சொல்லிவிட்டேன். வரைந்தது யார் என்று சொல்லவில்லை. அதை லீவு போட்டு வந்து நீயே சொல்.

துஆவுடன்,
உன் அம்மா
அமீனா