எட்டா, பியா

ஆவணி 14, வெள்ளி

முந்திரிக் கம்பெனியில் எடை போடும் சாப்ட்வேர் பழைய விண்டோஸ் ஏழில் மட்டும்தான் ஓடும். அந்த விண்டோஸைப் போட என்னை விட்டால் இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. இன்று கண்ணை மூடிக்கொண்டு போட்டு முடித்தேன். ஆக்டிவேட் செய்யத்தான் கம்ப்யூட்டர் பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும் இருபத்தைந்து எழுத்தும் வேண்டும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த ஸ்டிக்கர் மேலேயே சந்தனம் அப்பியவன் நான். தெரிந்த மட்டும் அடித்தேன். பத்துத் தடவையும் தப்பு என்றது.

முதலாளி, ஜெராக்ஸ் கடை செல்வியை ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவள் ஈரத்துணியால் துடைத்தாள், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினாள்.

"இது எட்டு இல்லைங்க மாமா, பி. ஒங்க சந்தனந்தான் மூலைய மறைச்சிருந்துச்சு."

ஒரே அடியில் ஆக்டிவேட் ஆகிவிட்டது.

"இந்தப் புள்ள இத்தனை நாளு எங்கிட்டு இருந்துச்சு!" என்று, எனக்கு வந்த காப்பியை அவளிடம் நீட்டினார் முதலாளி.

செல்விக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று வீட்டில் சொன்னேன். சற்றுமுன் முதலாளி போன் செய்தார்.

"செல்வி நம்பர் இருக்காண்ணே?"

இல்லையே என்றேன். கிளம்பும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று நானே அவளிடம் கேட்டு வாங்கிய நம்பர்.